அப்பாவின் கைக்கும் கூலி போடுங்கள்

கேள்வி: அப்பா நீண்ட காலமாகத் தச்சு வேலை செய்கிறார். அண்ணன் பொருத்து வேலை, தம்பி பொலிஷ், ஓடரும் கணக்கும் நான். முகநூலில் படம் போடத் தொடங்கியதிலிருந்து கட்டில், அலுமாரி, கதிரை என்று ஓடர் நிறைய வருகிறது. ஆனால் லாச்சியில் காசு தங்குவதில்லை. இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டல், 24 அறைகளுக்குக் கட்டிலும் பக்க மேசையும் மே மாதத்துக்கு முன் கேட்கிறது. கடன் எடுத்து மெசின் வாங்குவோம் என்கிறார் அண்ணன். கைவேலைக்காகத்தான் எங்களிடம் வருகிறார்கள் என்று அப்பா மறுக்கிறார். பட்டறை நிற்பது அம்மாவின் சீதன வளவில். எனக்குக் கலியாணமும் பேசுகிறார்கள். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், அலஸ்தோட்டம்

பதில்: அன்புத் தங்கச்சி, மெசினா கையா என்ற வழக்கைப் பிறகு பார்ப்போம். ஓடர் கூடியும் லாச்சியில் காசு இல்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கடைசியாக விற்ற கட்டிலுக்கு எப்படி விலை போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மரம், பசை, ஆணி, பொலிஷ், ஏற்றுக்கூலி எல்லாம் வந்திருக்கும். அப்பா குனிந்து நின்று சீவிய நாட்கள் வந்திருக்காது. அண்ணனின் நாட்களும் வந்திருக்காது. இரவில் விசாரிப்புகளுக்குப் பதில் எழுதும் உங்கள் நேரமும் அப்படித்தான். அம்மாவைப் பற்றி வளவுக்காரி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அரத்தாள் தேய்ப்பதும் மத்தியானச் சோறு போடுவதும் அவர்தான் என்றால் அதுவும் வேலைதான். இதையெல்லாம் விட்டுவிட்டு விலை போட்டால், ஓடர் கூடக்கூட நீங்கள் சும்மா கொடுக்கும் உழைப்புத்தான் கூடும்.

தாயும் பிள்ளையும் ஒன்றென்றாலும் வாயும் வயிறும் வேறு. வெளியிலிருந்து ஒரு தச்சரைக் கூப்பிட்டால் என்ன நாட்கூலி கொடுப்பீர்களோ, அதை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எழுதுங்கள். மற்ற மூன்று பேருக்கும் வேலைக்கேற்ப எழுதுங்கள். அதைச் சேர்த்து வரும் விலையைக் கேட்டுச் சில பேர் போய்விடுவார்கள். போகட்டும். மொறட்டுவையிலிருந்து லொறியில் வந்து இறங்கும் தளபாடத்தோடு விலையில் போட்டி போட உங்களால் முடியாது, தேவையும் இல்லை. கதவு இறுகினால் மறுநாளே வந்து சீவிக் கொடுக்கும் தச்சர் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

சரி, ஹோட்டல். என் பயம் மெசினைப் பற்றியதல்ல, மரத்தைப் பற்றியது. 24 அறைக்குப் போதுமான உலர்ந்த மரம் உங்களிடம் இருக்கிறதா? மரக்காலையில் வாங்கிய பலகையை மறுவாரமே அறுத்துப் பொருத்தினால், மாரியில் லாச்சி இறுகி இழுபடாது, கச்சான் காற்றில் பொருத்து விட்டுக்கொடுக்கும். குளிரூட்டிய அறையில் இன்னும் மோசம். அங்குலப் பலகைகூட நிழலில், இடையில் சட்டம் வைத்து அடுக்கி, காற்றோட்டத்தில் உலர மாதக்கணக்காகும். கட்டில் காலுக்கான தடித்த கட்டைகளுக்கு அதைவிடக் கூட. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துண்டில் திகதி எழுதி, கிழமைக்கு ஒருதரம் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை இறங்காமல் நின்றால்தான் அந்த அடுக்கில் உளி வைக்கலாம். கடற்கரைக் கட்டிடம் என்பதால் இரும்பு ஆணி வேண்டாம். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கில் போங்கள். செலவு கூடத்தான். ஆனால் துரு இறங்கிய கட்டிலை உங்கள் பெயரோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கடனைப் பொறுத்தவரை, அகலக்கால் வைக்க வேண்டாம். அறுப்பதற்கும் பலகை சீவுவதற்கும் மெசின் வந்தால் அப்பாவின் இடுப்புக்கு நல்லது, வாங்குபவருக்கும் அதில் நட்டம் இல்லை. பொருத்தும் மெருகும்தான் உங்கள் வீட்டுக் கைவேலை, அங்கே கை இருக்கட்டும். இதைச் சொன்னால் அப்பா இறங்கி வருவார் என்று நினைக்கிறேன். ஆனால் தவணையைக் கட்ட அந்த ஒரு ஹோட்டலை மட்டும் நம்பாதீர்கள். ஆறு மாதமாவது கூலி போட்ட கணக்கு எழுதுங்கள். வீட்டு ஓடர்களிலேயே தவணைக்கு மிச்சம் வந்தால் கடனைப் பற்றி யோசிக்கலாம்.

கடதாசி வேலை அலுப்புத்தான், ஆனாலும் முடித்துவிடுங்கள். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். தேக்கும் முதிரையும் ஏற்றும்போது வனத் திணைக்கள அனுமதியும் மரக்காலைப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். வெளியாட்களை வேலைக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு உங்கள் பங்கு இன்னும் 3 வீதம். இதையும் விலைக்குள் கொண்டுவர வேண்டும்.

இனி நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கி வைத்த விஷயம். நம் பக்கத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். உங்கள் கலியாணத்தோடு வளவு உங்கள் பேருக்கு வந்தால், அண்ணனும் தம்பியும் நிற்பது தங்கள் பட்டறையிலா, உங்கள் காணியிலா? கலியாணம் முடிந்தபின் உங்கள் பங்கு என்ன? யாரும் கெட்டவர்கள் இல்லாத வீட்டிலேயே இந்தக் கேள்விகள் ஆட்களைப் பிரித்துவிடும். பேச்சுவார்த்தை முற்றுமுன் ஒரு சட்டத்தரணியிடம் எல்லோருமாகப் போங்கள். பட்டறைக்குக் காணி வாடகை எவ்வளவு, ஆளுக்கு என்ன பங்கு, விலகுபவருக்கு என்ன கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட மூலதனத்தோடு பங்குடைமை தொடங்கினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பது பேராசை என்று யாராவது சொன்னால் அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள்.

அப்புறம், ஹோட்டலுக்கு இந்தக் கிழமையே பதில் போடுங்கள். கையில் இருக்கும் உலர்ந்த மரத்துக்கு எத்தனை அறை வருமோ, ஆறோ எட்டோ, அத்தனை மட்டும் மே மாதத்துக்கு முன். மிச்சம் செப்டெம்பரில் சீசன் முடிந்த பிறகு. மரத்தின் விலையாவது முற்பணமாக வர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள், வீட்டு ஓடர்கள் காத்திருக்கின்றன.