தலையில் அடிபட்ட பிள்ளை: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து மாதக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தான். உடனே அழுதான், பிறகு பால் குடித்தான். நெற்றியில் புடைப்பு. ஸ்கேன் எடுக்கணுமா?

பதில்: ஒரு வயதுகூட ஆகாததால் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. நெற்றிப் புடைப்பைவிட உச்சி, பக்கவாட்டு, பிடரி வீக்கமே எங்களைக் கவலைப்படுத்தும். மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தாலோ, சில விநாடி நினைவிழந்தாலோ, ‘இவன் எப்போதும்போல இல்லையே’ என்று உங்களுக்குப் பட்டாலோ தவறாமல் சொல்லுங்கள். தாயின் அந்தச் சந்தேகத்தை மருத்துவ விதிமுறையே கணக்கில் எடுக்கிறது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. அதனால் பல குழந்தைகளைச் சில மணி நேரம் கண்காணித்தே முடிவெடுப்போம்.

கேள்வி: அடிபட்டால் தூங்கவிடக் கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: மருத்துவர் பார்த்து, பிள்ளை இயல்பாக இருந்தால் தூங்கட்டும். இரவில் ஓரிரு முறை தொட்டு எழுப்பிப் பாருங்கள். எழுப்ப முடியாவிட்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், மூக்கு அல்லது காதில் நீர்க்கசிவு என எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசியும் சில பிள்ளைகள் முதலில் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சரிவார்கள்.

கேள்வி: 13 வயது மகனுக்குக் கிரிக்கெட் பந்து தலையில் பட்டது. மயக்கம் வரவில்லை என்று கோச் அன்றே ஆடவைத்தார். சி.டி. நார்மல். மூன்று நாளாகத் தலைவலி, எரிச்சல், படிக்க முடியவில்லை.

பதில்: இது கன்கஷனாகத்தான் (அடியால் மூளை குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகக் கெடுவது) தெரிகிறது, மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பெரும்பாலான கன்கஷனில் மயக்கம் வராது. சி.டி.யிலும் தெரியாது, கெடுவது மூளையின் வேலை, வடிவமல்ல. அன்றே ஆடவைத்தது பெரிய தவறு. சந்தேகம் வந்த நொடியிலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அபூர்வமாக என்றாலும், உயிரையே பறிக்கும் வீக்கம் வரலாம்.

இருட்டறையில் படுக்கவைக்கும் பழக்கம் இப்போது இல்லை. முதல் இரண்டு நாள் ஓய்வு, குறைவான செல்போன். பிறகு மெல்ல நடக்கட்டும். அவன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். வகுப்பாசிரியரிடம் பேசி அரைநாள் பள்ளிக்கு அனுப்புங்கள், தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்று மட்டும் யாரும் திட்ட வேண்டாம். முழுநாள் படிப்பு தலைவலியின்றி முடிந்தபிறகே ஆட்டம். அதுவும் மருத்துவர் சொன்னபின், படிப்படியாக. பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடும்.

கேள்வி: அடிபட்ட வலிக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மூன்று வயதுப் பெண்ணுக்கு பைக்கில் ஹெல்மெட் அவசியமா?

பதில்: சட்டப்படியே அவசியம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம்: 2023 பிப்ரவரி முதல் இதுதான் விதி. அவள் தலைக்குப் பொருந்தும் அளவில் வாங்குங்கள்.