விண்டோஸ் ஃபார்மேட் கேட்டால் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை

வாசகர் ஒருவர் பழைய கம்ப்யூட்டரில் ஓப்பன்மீடியாவால்ட் (லினக்ஸில் ஓடும் ஸ்டோரேஜ் சர்வர் சாஃப்ட்வேர்) போட்டு வீட்டு சர்வராக வைத்திருக்கிறார். சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில், குடும்பப் போட்டோக்கள் ரெய்ட் 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்) முறையில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளில். பதிப்பு 7-ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்தபோது, கிரப் (ஆன் செய்ததும் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர்) போட முடியவில்லை என்று கடைசியில் நின்றுவிட்டது. மறுபடி செய்ததில் சிஸ்டம் வந்தது, போட்டோக்களைக் காணோம். கடைக்காரர் ஒரு டிஸ்க்கைத் தன் விண்டோஸ் மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு, டேட்டா கரப்ட், ரெக்கவரிக்கு அனுப்பணும் என்கிறாராம்.

முதல் வேலையாக டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கி வாருங்கள். அது லினக்ஸ் ரெய்டில் இருந்த டிஸ்க். விண்டோஸுக்கு அதைப் படிக்கவே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அதைக் காட்டித்தான் பல கடைகளில் நல்ல டிஸ்க்கையே செத்ததாகச் சொல்லி, எஸ்டிமேட்டும் தராமல் பில்லும் தராமல் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். யாராவது அந்தக் கேள்விக்கு ஓகே அழுத்திவிட்டால்தான் உண்மையான ரெக்கவரி செலவே ஆரம்பிக்கும்.

கிரப் ஏன் நின்றது? பெரும்பாலும் பூட் லோடர் எஸ்எஸ்டிக்குப் போகாமல் பென்டிரைவுக்கோ வேறு டிஸ்க்குக்கோ போகப் பார்த்திருக்கும், இல்லையென்றால் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), லெகசி (பழையது) இரண்டில் தவறான முறையில் பூட் ஆகியிருக்கும். உங்களுக்கு சிஸ்டம் இப்போது வந்துவிட்டதால் அதை விடுங்கள். மறுபடி எப்போது இன்ஸ்டால் செய்தாலும் போட்டோ டிஸ்க்குகள் இரண்டின் கேபிளையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது.

சரி, போட்டோக்கள் எங்கே? பதிப்பு 7-இல் ரெய்ட் மெனுவையே தனி பிளகின் (தனியாகச் சேர்க்கும் துணை சாஃப்ட்வேர்) ஆக்கிவிட்டார்கள். அது இல்லாமல் ரெய்ட் டிஸ்க்குகள் வெறும் டிஸ்க்குகளாகத்தான் தெரியும், இதை ஒரு வரி எச்சரிக்கையாகக்கூடத் திரையில் காட்டுவதில்லை, சாதாரண மனிதர் என்ன நினைப்பார்? பிளகின் பட்டியலில் 'எம்டி' (md) என்று முடிவதை இன்ஸ்டால் செய்து, சர்வரை அணைத்து, இரண்டு டிஸ்க்கையும் மாட்டி ஆன் செய்யுங்கள். ரெய்டின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதியிருப்பதால் தானாக வரும், பெயர் மட்டும் எம்டி127 என்பதுபோல மாறியிருக்கலாம், பயப்படாதீர்கள். அப்புறம் ஃபைல் சிஸ்டம் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதை மவுண்ட் (பயன்படுத்த இணைப்பது) செய்யும் பொத்தானைத்தான் தொட வேண்டும். 'கிரியேட்' என்று எங்கே வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். ரெய்ட் காணோம் என்று இணையத்தில் தேடினால், புதிதாக ஒன்றை கிரியேட் பண்ணு என்று யாரோ எழுதியிருப்பார்கள். ஒன்று அழிந்த டிஸ்க்காக இருந்து, டிஸ்க் வரிசையும் மாறிப்போனால், அழிந்ததில் இருப்பது நல்ல டிஸ்க்கின் மேல் காப்பி ஆகிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். முதல் முயற்சியில் நீங்கள் தெரியாமல் ஒரு போட்டோ டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அதன் மேலேயே சிஸ்டம் எழுதப்பட்டிருந்தால்? ரெய்ட் வரும், ஆனால் ஒரு டிஸ்க் குறைகிறது என்று காட்டும், அல்லது தானாக ஓடாமல் நிற்கும். ரெய்ட் 1-இல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல்தான், ஆகவே மிஞ்சிய ஒன்றிலேயே எல்லாப் போட்டோவும் இருக்கிறது. ஓடாமல் நின்றால் லினக்ஸ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, அந்த ஒற்றை டிஸ்க்கை வைத்து அசெம்பிள் (இருக்கும் ரெய்டை அப்படியே ஓடவைப்பது) மட்டும் செய்யச் சொல்லுங்கள். போட்டோக்கள் கண்ணில் பட்டதும் வெளி யுஎஸ்பி டிஸ்க்குக்கு முழுவதையும் காப்பி எடுங்கள், நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். அது முடிகிறவரை அழிந்த டிஸ்க்கைச் சேர்க்க வேண்டாம். சேர்த்ததும் அதன் மேல் காப்பி எழுதுவதற்காக நல்ல டிஸ்க் மணிக்கணக்கில் இடைவிடாமல் படிக்கப்படும், வயதான டிஸ்க் பல சமயம் அந்த நேரத்தில்தான் கைவிடும்.

கடைசியாக, ஃபோல்டர் தெரிந்தும் திறக்க மறுத்தால் அது பெரும்பாலும் உரிமை (பர்மிஷன்) பிரச்சினைதான். ஃபைல்களில் யூசரின் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது, அதனால் வீட்டிலுள்ளவர்களின் யூசர்களைப் பழைய வரிசையிலேயே உருவாக்குங்கள், அப்போதுதான் அதே எண்கள் வரும்.