ஒரே தரவு, இரண்டு பி-மதிப்பு: எதை நம்புவது?

கேள்வி: ஒரு படிவத்தின் பழைய வடிவத்தை 400 பேருக்கும் புதியதை வேறு 400 பேருக்கும் குலுக்கல் முறையில் கொடுத்தேன். பழையதை 48 பேரும் புதியதை 68 பேரும் முழுதாக நிரப்பினார்கள். கையால் போட்டால் பி-மதிப்பு 0.045 வருகிறது, ஆர் மென்பொருளில் 0.056. எங்கே தப்பு?

பதில்: தப்பு எங்கும் இல்லை. பி-மதிப்பு என்பது, வடிவங்களுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும் வாய்ப்பு. 0.05-க்குக் கீழே வந்தால் தற்செயல் இல்லை என்று கொள்வது வழக்கம், அதனால்தான் 0.045-ம் 0.056-ம் வேறு வேறு முடிவு போலத் தெரிகின்றன. முதலில் உங்கள் கைக்கணக்கைப் பார்ப்போம். 12%, 17%, வித்தியாசம் 0.05. இரண்டு வடிவங்களும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் எல்லோரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடலாம்: 800-க்கு 116, அதாவது 0.145. இனி 0.145 × 0.855 × (1/400 + 1/400), இதன் வர்க்கமூலம் சுமார் 0.0249. இதுதான் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் வித்தியாசம் வழக்கமாக ஆடும் அளவு. 0.05-ஐ இதால் வகுத்தால் இசட் (வித்தியாசம் திட்டப்பிழையைப் போல் எத்தனை மடங்கு) 2.01, இருமுனைச் சோதனையில் (எந்தப் பக்கம் வித்தியாசம் வந்தாலும் கணக்கில் எடுப்பது) பி-மதிப்பு 0.045. சரிதான்.

அப்புறம் 0.056 எப்படி வந்தது? ஆட்களை 48, 49 என்று முழு எண்ணாகத்தான் எண்ண முடியும். பி-மதிப்பைக் கணக்கிட நாம் பயன்படுத்தும் மணி வடிவ இயல்நிலை வளைகோடோ தொடர்ச்சியானது. இதைச் சரிக்கட்ட புள்ளியியலாளர் ஃபிராங்க் யேட்ஸ் 1934-ல் ஒரு திருத்தம் சொன்னார். ஆரின் விகிதச் சோதனை நீங்கள் கேட்காமலே அதைச் சேர்த்துவிடும். அந்தக் கட்டளையில் 'கரெக்ட்' (correct) என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' (FALSE) ஆக்கி ஓட்டுங்கள், உங்கள் 0.045 வந்துவிடும்.

என்னைக் கேட்டால், இவ்வளவு பெரிய மாதிரிக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. அது அளவுக்கு மீறித் தயங்கும், உண்மையான வித்தியாசத்தையும் ஏற்காமல் விடலாம். ஆனால் எதைப் பயன்படுத்துவது என்று தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டையும் ஓட்டிவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்வது ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றுவது மாதிரி.

பி-மதிப்பை விட்டுவிட்டு 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லையை, பாருங்கள். திருத்தம் இல்லாமல் போட்டாலே வித்தியாசம் 0.1 முதல் 9.9 சதவீதப் புள்ளி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். புதிய வடிவம் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம், பெயருக்கு ஒரு துளி மேலாகவும் இருக்கலாம். உங்கள் தரவால் அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஒரே ஆட்களுக்கு இரண்டு வடிவங்களையும் கொடுத்திருந்தால் இந்தச் சோதனையே செல்லாது, ஒரே ஆளின் இரண்டு முடிவுகளை ஒப்பிடும் மெக்நெமர் சோதனைதான் வேண்டும். பழையது-புதியது, நிரப்பினார்-நிரப்பவில்லை என்று நான்கு கட்ட அட்டவணை போட்டு, வித்தியாசமே இல்லையென்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை அதில் ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனை.

மாற்றுவதற்குச் செலவு அதிகம் இல்லையென்றால் புதியதையே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமா? 12-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசத்தை 80% வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 775 பேர் வேண்டும். பழைய 800 பேரோடு சேர்க்காமல், புதிதாகத் தொடங்குங்கள்.