மூன்றாவது முறை நீட் வேண்டாம், புள்ளியியல் படிக்கட்டும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் நீட் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். மதிப்பெண் ஏறியது, அரசு இடத்துக்கு எட்டவில்லை. கோவையிலிருக்கும் தாய்மாமன் இன்னும் ஒரு வருடம் பயிற்சி மையத்தில் போடச் சொல்கிறார். அதிலும் கிடைக்காவிட்டால் தென்னந்தோப்பை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். தகப்பனாருக்குத் தூக்கமில்லை. பெண் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

அம்மா, தைரியமாக இருங்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதி அனுப்புவது எளிது. அதனால் உங்கள் தோப்பு காப்பாற்றப்படாது. எனவே நேராகச் சொல்கிறேன்: தோப்பை விற்காதீர்கள். பல நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு இருபது லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. படிப்பு முடிவதற்குள் கோடியைத் தொடும். விடுதியும் சாப்பாடும் தனி. எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேற்படிப்பு இல்லாமல் நிற்க முடியாது என்று இதே உறவினர்கள்தான் அடுத்து சொல்வார்கள். அதற்கு விற்க உங்களிடம் இன்னொரு தோப்பு இல்லை. உங்கள் அண்ணன் அன்பால்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணம் கட்டப்போவது அவர் அல்ல, படிக்கப்போவதும் அவர் அல்ல.

மருத்துவம் இல்லையென்றால் நர்சிங், பார்மசி, பொறியியல் என்று எல்லோரும் சொல்லும் பட்டியலை நான் எடுக்கவில்லை. அவற்றை விளக்க ஊரில் ஆள் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் நடுவில், ஏதோ குறையைச் சொல்வதுபோல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆஷா பணியாளராக வைத்திருக்கும் காய்ச்சல் பதிவேட்டை மகள் எடுத்து, வார்டு வாரியாக எண்ணி, கிராஃப் தாளில் கோடு போட்டாளாம். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் காய்ச்சல் ஏன் குறைகிறது?" என்று கேட்டாளாம். நீட் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரத்தில் இது என்ன வேலை என்று நீங்கள் திட்டினீர்களாம்.

திட்டியிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் குறையவில்லை, வெளிநோயாளர் பிரிவுதான் இல்லை. திங்கட்கிழமை எண்ணிக்கை துள்ளி ஏறும். கிருமி ஞாயிறு விடுமுறை எடுப்பதில்லை என்று கண்டு, அந்த மேடுபள்ளத்தைக் கணக்கில் சரிசெய்வது, தொற்றுநோயியலில் கணித மாதிரி செய்பவர்கள் தொடக்கத்திலேயே பழகும் வேலை. யாரும் சொல்லித் தராமல் உங்கள் மகள் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

அந்தத் துறை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஊரிலுள்ளவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: நோய் தொற்றக்கூடியவர்கள், தொற்று உள்ளவர்கள், குணமாகி விலகியவர்கள். ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததற்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதுகிறார்கள். கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் இதை முறையாக எழுதினார்கள். தங்கள் கணக்கைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்திர எண்ணிக்கை. அதற்கும் முன்பே, கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், கடைசிக் கொசு வரை ஒழிக்கத் தேவையில்லை, ஒரு எல்லைக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு இல்லாமல் அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது.

உங்கள் கையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது போட்டாக வேண்டும் என்று உங்களை வீடு வீடாக அனுப்புகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது? தடுப்பாற்றல் இல்லாத ஊரில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது மதிப்பீடு. அந்தப் பதினெட்டுப் பேரில் பதினேழு பேருக்குத் தடுப்பாற்றல் இருந்தால் நோய் ஒருவருக்கு மேல் பரவாது, பெருகவும் பெருகாது. ஒன்றிலிருந்து பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்தால் 94 சதவீதத்துக்கு மேல் வருகிறது. மகளிடம் கேளுங்கள், அரை நிமிடத்தில் போட்டுக் காட்டுவாள்.

டெங்குவில் கணக்கு இன்னும் சுவையானது. மழைநீர் தேங்கி, முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்தக் கொசு நோயாளியைக் கடித்தபின், வைரஸ் அதனுள் பெருகி அடுத்தவருக்குத் தொற்ற இன்னும் எட்டு முதல் பன்னிரண்டு நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தெரிய நான்கு முதல் பத்து நாள். பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும்போது கொசு பெருகிப் பல வாரம் ஆகியிருக்கும். அந்தக் கால இடைவெளியைக் கணக்கில் பிடிப்பவர்தான், எந்த வார்டில் எப்போது தொட்டிகளைக் கவிழ்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. வேலந்தாவளத்தில் காய்ச்சல் வந்தவர் கோவைக்கு பஸ் ஏறிவிடுகிறார். நோய் உண்டானது கேரளத்தில், எண்ணப்படுவது தமிழ்நாட்டில். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் 'எஸ்' படிவம், மருத்துவர் நிரப்பும் 'பி' படிவம், ஆய்வகம் நிரப்பும் 'எல்' படிவம் என்று 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்றுண்டு. இப்போது எல்லாம் இணையத்தில் ஏறுகின்றன. இரண்டு மாநில எண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்காதவருக்கு நம் பகுதியின் படம் பாதிதான் தெரியும். மலையாளமும் தமிழும் சரளமாகப் படிக்கும் பெண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது. 2018இல் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நிபா வந்தபின், தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணித்ததும் இதே வகைக் கணக்குதான்.

கணித மாதிரி என்றால் ஜோசியம் என்று எண்ணிவிடக் கூடாது. கொரோனா காலத்தில் பல கணிப்புகள் தவறின. மக்கள் பயந்து வீட்டுக்குள் இருந்தால் கணக்கு மாறும், வெளியே வந்தால் மறுபடி மாறும். ஆனாலும் தொற்று ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹா போன்றவர்கள் தொடர்ந்து கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர் மருத்துவரல்ல, இயற்பியலாளர்.

வழி இதுதான். முதலில் புள்ளியியல் இளநிலை, கிடைக்காவிட்டால் கணிதம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியோ, சென்னை மாநிலக் கல்லூரியோ, லயோலாவோ எதுவும் சரி. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு பட்டம் வந்துவிட்டது, மூன்றாம் ஆண்டிலும் பட்டத்தோடு வெளியேறலாம். அடுத்து வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் (நோய், மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) முதுநிலை, அல்லது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுநிலை. பின்னதில் மருத்துவம் படிக்காதவர்களில் யாருக்கெல்லாம் இடமுண்டு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் கவனமாகப் படியுங்கள். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் பெயரையும் குறித்து வையுங்கள். ஆய்வுத் திட்டங்களுக்கு அங்கே புள்ளியியல் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள்.

சம்பள விஷயத்தில் ஒளிக்க மாட்டேன். மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுகளிலும் ஆய்வுத் திட்டங்களிலும் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். டாக்டர் என்று ஊர் அழைக்க, முனைவர் பட்டம் வரை போக வேண்டும். ஆனால் இந்தக் கதவு திறக்காவிட்டாலும் புள்ளியியல் படித்த பெண் தெருவில் நிற்க மாட்டாள். மருந்துச் சோதனை நடத்தும் நிறுவனங்கள், காப்பீடு, மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எல்லாம் அதே பட்டத்துக்கு உண்டு. கடனில்லாமல் அங்கே போய் நிற்பாள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதையெல்லாம் முடிவு செய்யும்முன் ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து, கணக்கில் இருக்க விருப்பமா, நோயாளியின் பக்கத்தில் இருக்க விருப்பமா என்று கேளுங்கள். மாமாவை அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோயாளிதான் வேண்டும் என்று அவள் மனதாரச் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், செலவு தாங்கும் வேறு வழி பார்ப்போம். கணக்கு என்றால் பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள், கல்லூரி விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் புள்ளியியலை முதலில் போடுங்கள். வகுப்பு தொடங்கும்வரை அவள் 'ஆர்' என்னும் கணினி மொழியைப் பழகட்டும். அது இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். கேரளச் சுகாதாரத் துறை வெளியிடும் தொற்றுநோய் எண்ணிக்கையில் பாலக்காடு மாவட்டத்தை மட்டும் எடுத்து, இரண்டு மழைக்காலத்தின் டெங்குக் கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கட்டும்.