அலர்ஜிக்குக் கொடுக்கிற மாத்திரையைத் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் ஏன் தருகிறார்கள்?

பொள்ளாச்சியில் மருந்தாளுநராக இருக்கிறேன். மேலே வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் "பஸ் வாந்திக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலோர் வாங்குவது அவோமின். அதிலுள்ள புரோமெத்தசின், அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற பழைய மருந்துதான்.

உள்காதிலிருந்து கிளம்பும் ஆட்டத் தகவல் மூளைத்தண்டு வழியாகத்தான் வாந்தியைத் தூண்டும் பகுதிக்குப் போகிறது. அந்த வழியில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற இரண்டு தகவல் கடத்தும் ரசாயனங்களுக்கு வேலை இருக்கிறது. புரோமெத்தசின் போன்ற பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் (ஹிஸ்டமினை மறிக்கும் அலர்ஜி மருந்துகள்) மூளைக்குள் புகுந்து இரண்டையும் மறிக்கும். தூக்கம் சொக்குவதும் அதனால்தான். புதிய அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் அவ்வளவாக உள்ளே போகாது. "வீட்ல செட்ரிசின் கிடக்கு, அதையே போட்டுக்கட்டுமா?" என்றால், வேண்டாம், வாந்திக்கு அது உதவாது.

இது தெரியவந்த கதையே சுவாரசியம். 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்கு டைமென்ஹைட்ரினேட் என்ற ஆன்டிஹிஸ்டமினைக் கொடுத்தார்கள். டிராமில் போனால் வரும் குமட்டல் அவருக்கு நின்றுபோனது. பிறகு அட்லாண்டிக் கடக்கும் கப்பலில் சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள்.

கிளம்ப அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். மலையடிவாரத்து ஆழியாறு தாண்டி வயிறு புரட்டும்போது போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வண்டி ஓட்டுபவர் தொடக்கூடாது, மதுவோடும் கூடாது. இரண்டு வயதுக்குள் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கண் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

படுக்கையில் புரண்டால் அறையே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா? காதுக்குள் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்களாக இருக்கலாம். மாத்திரை அவற்றை நகர்த்தாது. இ.என்.டி. டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் எப்லி முறைதான் நகர்த்தும். உள்காது நரம்பு வீங்கித் தலை சுற்றினால் முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை பெரிய ஆறுதல். அதற்கு மேல் தொடர்ந்தால், மூளை தானாகப் பழகிச் சரிக்கட்டுவது தள்ளிப்போகும். (தலைசுற்றலுக்குப் பலர் வாங்கும் வெர்டின் இந்த இனமே இல்லை. அதிலுள்ள பீட்டாஹிஸ்டின் ஹிஸ்டமினைப் போன்றது.) சுற்றலோடு பேச்சு குழறினால், வாய் கோணினால், நடக்க முடியாவிட்டால் கடைக்கு வராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்குக் கவலை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் சின்னரிசின் (தலைசுற்றலுக்கான இன்னொரு ஆன்டிஹிஸ்டமின்) வாங்கும் பெரியவர்கள்தான். நாள்பட்டால் கைநடுக்கம், உடல் இறுக்கம் என்று பார்க்கின்சன் போலவே வரும். டாக்டரை ஒருதரம் பார்த்துட்டு வாங்க ஐயா என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.