கேள்வி நேரம்: இந்தோனேசியக் கடைகளில் நம் சரக்கு

எங்கள் மசாலாப் பொடிகளை ஜகார்த்தாவில் விற்க நினைக்கிறோம். பெரிய செயின் கடைகளை முதலில் அணுகலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் இரண்டுக்கும் சேர்த்து 40,000-க்கு மேல் கிளைகள் உண்டு. எல்லோர் கண்ணும் அங்கே போவது அதனால்தான். ஒரு கிளைக்கு ஒரு டஜன் என்று வைத்தாலே 4,80,000 பாக்கெட் ஆகிறது. முதல் தட்டை நிரப்பவே உங்கள் மூலதனம் கரைந்துவிடும். அதற்கு மேல் சரக்கைத் தட்டில் ஏற்ற நுழைவுக் கட்டணம், தள்ளுபடி நாட்களில் உங்கள் பங்கு, விற்காததைத் திருப்பி எடுக்கும் பொறுப்பு எல்லாம் வரும். பணமும் கையோடு வராது.

வீட்டை ஒட்டிய சிறு கடையான ‘வாருங்’கில் தொடங்குங்கள். நம் பெட்டிக்கடையும் மளிகைக்கடையும் கலந்த உருவம் அது. காபி, ஷாம்பு, மசாலா எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். மதுரா தீவுக்காரர்கள் நடத்தும் வாருங்குகளில் பல 24 மணி நேரமும் திறந்திருக்கும். பாட்டிலில் பெட்ரோல்கூடக் கிடைக்கும். இவர்களுக்குச் சரக்கு போடுவது ‘குரோசிர்’ எனும் மொத்தக் கடை. நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான். ஒரே நகரத்தில் நாலைந்து குரோசிரிடம் போட்டு, எந்தப் பொருளை மறுபடி கேட்கிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்துவிட்டுச் செயினிடம் போங்கள்.

எல்லா ஊரிலும் இந்தச் செயின்கள் இல்லை என்பதையும் கவனியுங்கள். மேற்கு சுமத்ராவின் பாடாங்கில் உள்ளூர் வணிகர்களைக் காக்க இரண்டையும் நிர்வாகம் உள்ளே விடவில்லை.

நாங்கள் 100 கிராம், 200 கிராம் பாக்கெட் போடுகிறோம். அதே அளவு ஓடுமா?
— வாசகி, திண்டுக்கல்

சூப்பர் மார்க்கெட்டில் கொஞ்சம் ஓடும். வாருங்கில் ஓடாது. அங்கே மிளகுத் தூளும் மல்லித் தூளும் ஒரு நாள் சமையலுக்கான சாஷேயில் விற்கின்றன. விலை 1,000 அல்லது 2,000 ரூபியா நோட்டில் அடங்கினால் வியாபாரம் சுலபம். 2,300 என்று வைத்தால் கடைக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்? சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டும் பழக்கம் அங்கும் உண்டு.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உதாரணத்துக்கு, விற்பனை விலை 2,000 ரூபியா. வாருங்குக்கு 300, குரோசிருக்கு 100 போனால் மிச்சம் 1,600. அதற்குள் அடங்கிய 11 சதவீத மதிப்புக் கூட்டு வரியைக் கழித்தால் ஏறத்தாழ 1,440. இறக்குமதியாளர் தன் செலவுக்கும் லாபத்துக்கும் 20 சதவீதம் எடுத்தால் 1,150. பொடி, பை, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எடையைக் குறையுங்கள், விலையை ஏற்றாதீர்கள்.

பையிலும் கவனம் தேவை. சரம் கடை வாசலில் வெயிலிலும் ஈரக்காற்றிலும் தொங்கும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் மிளகாய்ப் பொடி வெளிறிப்போகும், உப்பு சேர்ந்த கலவை கட்டி தட்டும். அலுமினியப் படலம் உள்ள லேமினேட் பை போடுங்கள். இரண்டு சாஷேக்கு நடுவில் உள்ள துளைக்கோடு பலவீனமாக இருந்தால் சரம் தானே அறுந்து விழும். கெட்டியாக இருந்தால் கடைக்காரர் இழுக்கும்போது பையே கிழியும். அச்சடிக்கும் முன் பத்துச் சரத்தை ஒரு வாரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் இருக்கிறது. அது போதாதா?
— வாசகர், விருதுநகர்

போதாது. இந்தோனேசிய உணவு, மருந்து ஆணையமான பிபிஓஎம்மில் பொருளைப் பதிய வேண்டும். இறக்குமதிச் சரக்கின் எண் ‘எம்எல்’ என்று தொடங்கும். உள்நாட்டுத் தயாரிப்புக்கு ‘எம்டி’. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண். நீங்கள் நேரடியாக வாங்க முடியாது. உங்கள் நியமனக் கடிதத்தைக் காட்டி அங்குள்ள இறக்குமதியாளர்தான் விண்ணப்பிப்பார்.

பலர் சறுக்குவது இங்கேதான். எண் இறக்குமதியாளர் பெயரில் இருப்பதால், அவரோடு மனக்கசப்பு வந்து பிரிந்தால் புது ஆளை வைத்து மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். பிரிந்தால் பழைய பதிவை எத்தனை நாளில் விட்டுக்கொடுப்பார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். விற்பனை இலக்கு தவறினால் நியமனம் ரத்து என்ற வரியும் இருக்கட்டும்.

லேபிள் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, சேர்மானங்கள், எடை, காலாவதி தேதி எல்லாம் அதில் வரும். சரக்கு கப்பலேறும் முன்பே ஒட்டிவிடுங்கள். மிளகாய்ப் பொடிக்கு அஃப்ளாடாக்ஸின் எனும் பூஞ்சை நச்சுச் சோதனையை லாட் வாரியாக இங்கேயே செய்துகொள்வது நல்லது.

ஹலால் சான்று தனி வேலை. 2014-ம் ஆண்டின் 33-ம் எண் சட்டப்படி, உள்நாட்டுப் பெரிய, நடுத்தர உணவுத் தயாரிப்பாளர்களுக்கு 2024 அக்டோபரிலேயே கட்டாயமானது. இறக்குமதி உணவுக்குக் கடைசி நாள் 2026 அக்டோபர் 17. இந்தியாவில் ஹலால் சான்று தரும் எல்லா அமைப்புகளின் சான்றும் செல்லாது. அந்நாட்டு ஹலால் ஆணையமான பிபிஜேபிஎச் அங்கீகரித்த அமைப்பா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். சான்றை இறக்குமதியாளர் அங்கே பதியவும் வேண்டும்.

உலகமெங்கும் ஓடும் செவன் இலெவன் செயின் கடை அங்கே ஏன் மூடியது?
— வாசகர், திருச்சி

2009-ல் வந்து, 2017 ஜூன் 30-ல் மொத்தமாக மூடினார்கள். நாற்காலி, வைஃபை, சூடான சாப்பாடு என்று இளைஞர்களை உட்கார வைத்தார்கள். ஒரு குளிர்பானத்துடன் மணிக்கணக்கில் அரட்டை நடந்தது. வாடகையோ நகரின் மையத்து வாடகை. 2015 ஏப்ரலில் மினிமார்க்கெட்டுகளில் பீர் விற்கத் தடை வந்தபோது லாபம் தந்த ஒரு பொருளும் போயிற்று. கூட்டம் வந்தது, பில் ஏறவில்லை.

கடையே வேண்டாம், இங்கிருந்து ஆன்லைனில் அனுப்பினால்?
— வாசகி, கோவை

மசாலாவுக்கு வழியில்லை. 2023 செப்டம்பரில் வந்த விதிப்படி, வெளிநாட்டிலிருந்து நுகர்வோருக்கு நேரடியாக வரும் பொருளின் விலை ஒன்றுக்கு 100 டாலராவது இருக்க வேண்டும். அதே விதி சமூக வலைத்தளத்துக்குள்ளேயே விற்பதையும் தடுத்ததால்தான் டிக்டாக் ஷாப் அக்டோபரில் நின்று, டிசம்பரில் உள்ளூர் ஆன்லைன் சந்தையான டோகோபீடியாவோடு சேர்ந்து திரும்பியது. சரக்கை முறைப்படி இறக்கிய பிறகு, இறக்குமதியாளர் அந்தத் தளங்களில் விற்கலாம்.

எந்த மாதம் அனுப்புவது நல்லது?
— வாசகர், தூத்துக்குடி

ரமலானுக்கு முன். ஈகைப் பெருநாளுக்கு 7 நாள் முன்பாவது ஊழியர்களுக்கு ‘தேஹாயெர்’ எனும் போனஸ் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம் நேராகக் கடைக்கு வரும். பண்டிகை ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்வதால் போன வருடத் தேதியை வைத்துக் கண்டெய்னர் பதியாதீர்கள். நோன்பு தொடங்கும்போதே சரக்கு குரோசிரின் கிடங்கில் இருக்க வேண்டும். பண்டிகையை ஒட்டி ஊருக்குப் போகும் கூட்டத்துக்காகச் சரக்கு லாரிகளை நெடுஞ்சாலையில் கட்டுப்படுத்துவார்கள். அப்போது துறைமுகத்தில் இறங்கும் பெட்டி பண்டிகை முடிந்துதான் கடைக்குப் போகும்.