கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு எந்த டெவலப்பர் பொருந்தும்?

35 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவ விரும்புவதாகவும், ஆளுக்கொரு பிலிமையும் டெவலப்பரையும் (பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) சிபாரிசு செய்வதால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமையும், சம அளவு தண்ணீர் கலந்த கோடாக் டி-76 டெவலப்பரையும் வாங்குங்கள் என்பதே என் பதில். டி-76 கிடைக்காவிட்டால் இல்ஃபோர்டின் ஐடி-11 போதும். நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னாளில் வேறொன்றுக்கு மாறவேண்டி வந்தால் அவை உதவும்.

படத்தின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிலிம்தான். எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற பழைய வகை 400 வேகப் பிலிம்கள் (வேகம் என்பது ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்) எக்ஸ்போஷரிலும், அதாவது படமெடுக்கும்போது விழும் வெளிச்சத்தின் அளவிலும், கழுவும் நேரத்திலும் நேரும் சிறு பிசகுகளைத் தாங்கிக்கொள்ளும். டி-மேக்ஸ், டெல்டா ஆகிய புதிய வகைகளில் துகள், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் வெள்ளி, நுண்மையாக இருக்கும். ஆனால் வெப்பநிலையும் நேரமும் சற்றே மாறினாலும் கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) மாறிவிடும். ஆகவே கை பழகும்வரை அவற்றைத் தள்ளிவைப்பது நல்லது.

டெவலப்பரின் வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. 1920களில் உருவான டி-76இன் ஒரு லிட்டர் கரைசலில் 2 கிராம் மெட்டால், 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 2 கிராம் போராக்ஸ் ஆகியவற்றுடன் 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது. இந்தச் சல்பைட் டெவலப்பர் கெடாமல் காப்பதோடு, வெள்ளி உப்புத் துகள்களின் ஓரங்களையும் சிறிது கரைக்கிறது. துகள் மென்மையாகத் தெரிவதற்கும், விளிம்புகளின் கூர்மை ஒரு சிறிது குறைவதற்கும் அதுவே காரணம். சம அளவு தண்ணீர் சேர்க்கும்போது இந்தக் கரைக்கும் தன்மை குறைகிறது. துகள் சற்றுத் தெளிவாகத் தெரிந்தாலும் விளிம்புகள் கூர்மை பெறுகின்றன. மேலும், நெகட்டிவில் வெளிச்சம் மிகுதியாக விழுந்த இடத்தில் டெவலப்பர் விரைவில் களைத்துவிட, நிழற்பகுதியில் அது தொடர்ந்து வேலை செய்கிறது. ஆகையால் வெள்ளை வேட்டியும் அதன் மடிப்பின் நிழலும் ஒரே படத்தில் நிற்க வாய்ப்பு கூடுகிறது. கலந்த கரைசலை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவதால் ஒவ்வொரு ரோலுக்கும் ஒரே வலிமையுள்ள டெவலப்பர் கிடைக்கும் என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ரோடினாலைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். 1891 முதல் விற்பனையில் இருக்கும் அது எனக்கும் மிகவும் பிடித்த டெவலப்பர். அடர்கரைசல் பல ஆண்டுகள் கெடாது, ஒரு ரோலுக்குச் சில மில்லிலிட்டரே போதும். ஆனால் தண்ணீர் கலந்த நிலையில் அதில் சல்பைட் மிகக் குறைவு என்பதால் துகளை அது மறைப்பதில்லை. ஒரே சுண்ணாம்புச் சுவரை எச்பி5இல் எடுத்து, ஒரு துண்டை டி-76இலும் மறு துண்டை ரோடினாலிலும் கழுவி லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பாருங்கள். முதலாவதில் சுவரின் சாம்பல் நிறம் வழுவழுப்பாக ஓடும். இரண்டாவதில் அதே சாம்பல் நிறம் தனித்தனியாக எண்ணிவிடலாம் போன்ற மணல்பொடியாக நிற்கும், ஆனால் சுவரின் விரிசல் கீறியதுபோல் கூர்மையாக இருக்கும். எஃப்பி4 பிளஸ் போன்ற வேகம் குறைந்த பிலிமில் இந்தக் கூர்மை பேரழகு. 35 மி.மீ. அளவில் 400 வேகப் பிலிமுக்கு, அந்தத் துகளை விரும்பித் தேடுபவரைத் தவிர மற்றவர்களுக்கு நான் ரோடினாலைச் சொல்லமாட்டேன்.

எச்பி5ஐ 400 வேகத்தில் எடுத்து, சம அளவு தண்ணீர் கலந்த ஐடி-11இல் கழுவ, 20 பாகை செல்சியஸில் 13 நிமிடம் என்று இல்ஃபோர்டு சொல்கிறது. முதல் 10 நொடியில் நான்கு முறையும், பின்னர் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் நான்கு முறையும், பிலிமும் டெவலப்பரும் உள்ள மூடிய டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீர் 20 பாகையில் வராது. டெவலப்பர் குடுவையை ஐஸ் போட்ட வாளியில் வைத்துக் குளிர்வித்தோ, 24 பாகையில் நிறுத்தி நேரத்தை ஏறத்தாழ 9 நிமிடமாகக் குறைத்தோ கழுவலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் 24 பாகையை நிலையாக வைத்திருப்பது எளிது. தண்ணீர் கலக்காத டி-76இல் நேரம் ஏற்கெனவே குறைவு என்பதால், வெப்பம் ஏறும்போது அது 5 நிமிடத்துக்கும் கீழே போய்விடக்கூடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் கழுவினால் வானம் போன்ற சமப்பரப்புகளில் திட்டுகள் விழும். வெயில் நாட்டில் தண்ணீர் கலந்து கழுவுவதற்கு இது இன்னொரு வலுவான காரணம்.

உச்சிவெயிலில் எடுப்பதாக இருந்தால் எச்பி5ஐ 200 வேகமாகக் கணக்கிட்டு (அதாவது இருமடங்கு வெளிச்சம் கொடுத்து), கழுவும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையுங்கள். நிழலில் விவரம் பதிவது எக்ஸ்போஷரால்தான். படமெடுக்கும்போது விழாத வெளிச்சத்தை எந்த டெவலப்பராலும் பின்னர் கொண்டுவர முடியாது.

கல்யாண மண்டபம், கோயில் உட்பிரகாரம் போன்ற மங்கலான இடங்களில் எச்பி5ஐ 1600 வேகமாகக் கணக்கிட்டு எடுக்க நேர்ந்தால் மட்டும் மைக்ரோஃபென் என்ற டெவலப்பரை வாங்குங்கள். தண்ணீர் கலக்காமல், 20 பாகையில் 11 நிமிடம். நிழற்பகுதி ஓரளவு கறுத்துத்தான் போகும் என்றாலும், அதே வேகத்துக்கு டி-76 தருவதைவிடச் சற்றுக் கூடுதலான விவரம் அதில் நிற்கும்.